சுவரில் ஒரு முழு வட்டம்

அந்த அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் தொழிற்சாலையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அக்கா உட்பட. எல்லோருக்கும் அவர் ‘இன்னாத்துக்கு அக்கா’. எதைச் சொன்னாலும், எதை நீட்டினாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது “இது இன்னாத்துக்கு?” என்பதுதான். சண்டைக்கு இழுக்கிற கேள்வி அல்ல அது. பதில் சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்வார். சொல்லாவிட்டால் மறுநாள் வந்து மறுபடியும் கேட்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இருசக்கர வண்டிகளுக்கான சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் செய்யும் இடம். நான் அங்கே பயிற்சிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நான். மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரும்வரை தூங்குவேன். இறங்கியதும் அடுத்தவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவேன். அதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

முதன்முதலாக அக்காவை நான் கவனித்தது தீயணைப்பு வகுப்பில். வகுப்பு முடிந்தால் டீயும் பன்னும் உண்டு என்பதால் கூட்டம் சேரும், கேள்வி மட்டும் வராது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக் காட்டி, பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது, இதில் இருக்கும் பொடியைத்தான் அடிக்க வேண்டும் என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். பின் வரிசையிலிருந்து அக்கா எழுந்தார்.

“தண்ணி ஊத்துனாலே அணையாத நெருப்பு, மாவு கொட்டுனா மட்டும் எப்டி சார் அணையும்?”

“அது அப்படித்தாம்மா.”

“அதான் சார், இன்னாத்துக்கு அப்டி?”

கூட்டம் சிரித்தது. அக்கா உட்காரவில்லை. பயிற்சியாளர் தலையைச் சொறிந்துகொண்டு, நெருப்புக்குக் காற்று வேண்டும், பொடி போய் நெருப்பைக் காற்றோடு சேரவிடாமல் பண்ணிவிடும் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “எரியற எண்ணெச் சட்டிய தட்டு போட்டு மூடற மாரி. இத மொதல்லயே சொல்லிருந்தீங்கன்னா நான் ஒக்காந்திருப்பனே” என்றார். அதற்குள் டீ ஆறிப்போயிருந்தது. மற்றவர்கள் அவரை முறைத்துக்கொண்டே குடித்தார்கள்.

எட்டாவது வரை படித்தவர். கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊர். அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். நட்ட வயலெல்லாம் மனைகளாகக் கல் ஊன்றப்பட்ட பிறகு காண்ட்ராக்டர் வேனில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். ஒரே பெண், அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் என்ன படித்தாள் என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களிடம் சொல்வார். பூமி சுற்றுகிறது என்றால் நமக்குத் தலை சுற்றாதது ஏன் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தார். எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அவருடைய வேலை ஆய்வு மேஜையில். விரல் கனத்தில் இருக்கும் இரும்புப் பின்களை ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நுழைந்தால் சரி, நுழையாததை ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் இதேதான். செய்கிறவர்களுக்கு மூளை மரத்துப்போகும் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா ஒருநாள் என் மேஜைக்கு வந்து, எண்ணெய்க் கையோடு நாலு பின்களை வைத்தார்.

“மத்தியானம் இதுங்கள ஒதுக்கனேன் சார். சாயங்காலம் சும்மா வுட்டுப் பாத்தா வளையத்துல பூருது. காலையில செஞ்சதுல இந்த பேஜாரு இல்ல. இது இன்னாத்துக்கு?”

எனக்கென்ன தெரியும்? தரப் பிரிவு இன்ஜினீயரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு பின்களைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மிஷின் பக்கம் நடந்தார். தகரக் கூரைச் சூட்டில் மிஷினிலிருந்து வரும் பின்கள் மத்தியானத்தில் கூடுதல் சூடாக இருந்தன, சூட்டில் மயிரிழை அளவுக்குப் பருத்திருந்தன, ஆறினதும் சரியாகிவிட்டன. நல்ல பின்களை எத்தனை நாளாகத் தூக்கிப் போட்டோமோ தெரியாது. மறுவாரம் ஆய்வு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு அலமாரியும் மின்விசிறியும் வந்தன. பின்களை ஆறவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டினார்கள். படித்த நாங்கள் பத்துப் பேர் தினமும் அந்த மேஜையைக் கடந்துதான் போய்வந்தோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இனி என் திருவிளையாடலுக்கு வருகிறேன்.

ஆய்வுக் கூடத்தின் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று மாட்டியிருந்தது. இடதுபக்கம் தொழிலாளர்களின் பெயர்கள். மேலே வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம், அந்த வட்டம் நாலு கால்பாகமாகப் பிரிந்திருக்கும். வேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஒரு பாகம் கறுப்பாகும். ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்தால் இரண்டு. தனியாகச் செய்தால் மூன்று. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டால் நாலும் கறுப்பு, முழு வட்டம். யாருக்கு என்ன தெரியும், இன்னும் என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும் நல்ல ஏற்பாடு. கெடுத்தது நாங்கள்தான்.

எங்களிடம் சாமான் வாங்கும் கம்பெனிகளிலிருந்து ஆடிட் என்று சோதிக்க வருவார்கள். வந்ததும் முதல் வேலையாகச் சுவரைத்தான் பார்ப்பார்கள். வட்டங்கள் வெள்ளையாக இருந்தால் கேள்வி வரும். கறுப்பாக்க வேண்டுமென்றால் ஆட்களை மிஷினிலிருந்து இறக்கி உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும், அதற்குள் உற்பத்தி படுத்துவிடும். அதனால் ஆடிட்டுக்கு முந்தின சனிக்கிழமை நான் ஒரு கறுப்பு மார்க்கரோடு நாற்காலி மேல் ஏறிவிடுவேன். பயிற்சி நடந்ததாக ஆங்கிலத்தில் தாள் அடித்து, ஓடிக்கொண்டிருக்கும் மிஷின்களுக்கு நடுவே கையெழுத்துக்குச் சுற்றுக்கு விடுவேன். எல்லோரும் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் இதுதான் நடக்கிறது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது மனசுக்கு ஒரு சௌகரியம்.

அக்கா ஒருவருக்கு மட்டும் நான் பொய்யாகக் கறுப்பு அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வு மேஜைக்கான வட்டத்தில் நாலு பாகமும் அவருக்கு நியாயமாகவே கிடைத்தவை. ஒரு ஆடிட்டில் வந்தவர், பின்களை ஏன் ஆறவைக்கிறீர்கள் என்று சும்மா கேட்டுவைக்க, அக்கா சூடான பின்னையும் ஆறின பின்னையும் எடுத்து வளையத்தில் விட்டுக் காட்டிவிட்டு, “நீங்க வாங்கினு போற எடத்துல ஆறவச்சிப் பாக்கறாங்களா சார்?” என்று திருப்பிக் கேட்டார். அந்த மனிதர் அக்காவுக்குக் கைகொடுத்தார். அதிலிருந்து எந்த ஆடிட் வந்தாலும் நான் நேராக அக்காவிடம்தான் அழைத்துப் போவேன். அவர் என் துருப்புச்சீட்டு. அவருக்கும் அது பெருமையாக இருந்தது. மகளை ஆயுதபூஜைக்கு அழைத்துவந்தபோது முதலில் காட்டியது மிஷினை அல்ல, சுவரைத்தான். “தோ பாரு, அம்மாவுக்கு நாலும் ரொப்பிக்கீறாங்க.”

பிறகு கேமரா மிஷின் வந்தது. கண்ணாடித் தட்டில் பின்களைப் பரப்பினால், மேலே இருக்கும் கேமரா அளந்து, பக்கத்துத் திரையில் சரியானதைப் பச்சையாகவும் தப்பானதைச் சிவப்பாகவும் காட்டும். ஆய்வு மேஜையில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். கேமரா வந்துவிட்டால் இரண்டு ஷிஃப்டுக்கும் சேர்த்து ஏழு பேர் போதும் என்று மேனேஜர் சொன்னார். மிச்சப்பேர் பேக்கிங்குக்கு, அங்கிருந்து அநேகமாக வாசலுக்கு. அதை அவர் சொல்லவில்லை, எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

மிஷினைப் பொருத்தியவர்கள் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். இன்ஜினீயர்கள் முன்னால் நின்றார்கள், மேஜைப் பெண்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாளில் ஆடிட். அட்டவணையில் கேமராவுக்கென்று புதிதாக ஒரு வரிசை போட்டிருந்தேன், அது முழுக்க வெள்ளை. “யாராவது ஒருத்தருக்காவது முழுசா இருக்கணும்ப்பா” என்றார் மேனேஜர். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யார் பெயருக்கு நேரே கறுப்படித்தால் ஆடிட்டர் சந்தேகப்பட மாட்டார் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

“இது இன்னாத்துக்கு சார்?”

“அன்னைக்கு கேமரா ஓட்டிக் காட்டினாங்கல்ல அக்கா, அதுக்கு.”

“நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேனே சார். ஒண்ணியும் செரியா தெர்ல.”

“பரவால்லக்கா. உங்களுக்கு அது போதும்.”

மூன்று நாள் பயிற்சி முடித்ததாக அந்தத் தாளில் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தன் பெயரை அவர் எழுத்து எழுத்தாக, அழுத்தி எழுதுவார். ஆடிட் முடிந்ததும் அவரை உண்மையாகவே பயிற்சிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆடிட் நன்றாக முடிந்தது, நல்ல பெயர் எனக்குத்தான். ஒரு மாதம் கழித்து மிஷின் விற்றவர்கள் சென்னையில் தங்கள் இடத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறோம், ஆறு பேரை அனுப்புங்கள் என்றார்கள். மேனேஜர் சுவருக்கு முன்னால் நின்று, வட்டம் வெள்ளையாக இருந்த பெண்களில் ஆறு பெயரைப் படித்தார். “இந்தம்மாவுக்குத்தான் முழுசா இருக்கே. இவங்களோட ஏழு ஆச்சு” என்றார். சார், அது நான் அடித்த கறுப்பு என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் சுவர் முழுக்கச் சந்தேகத்துக்கு வரும். என் வேலைக்கும் அது உலை வைத்திருக்கும். நான் பெயர்களைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா வந்தார்.

“என் பேரு வுட்டுப்போச்சா சார்?”

“இல்லக்கா. அவங்களுக்குத்தான் மூணு நாள் வேணும். உங்களுக்கு ஒரு மணி நேரமே போதும்னு கம்பெனி நினைக்குது.”

“கம்பெனியா? மெய்யாலுமா சார்?” வெட்கமும் சிரிப்புமாக நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இருந்தாலும் நானும் போயிக்கினு வரேனே சார். லீவு போட்டுக்கினு வேணா வரேன். ஓரமா நின்னு பாக்கறேன், ஒண்ணுங் கேக்க மாட்டேன்” என்றார்.

ஒன்றும் கேட்க மாட்டேன் என்று அந்த அக்கா சொன்னது அதுதான் முதல் தடவை. பார்க்கலாம்க்கா என்றேன். பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன்.

ஆறு பேரும் போய்வந்தார்கள். ரயிலில் போனது, அங்கே கொடுத்த சாப்பாடு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்று கதை கதையாகச் சொன்னார்கள். அக்கா ஒவ்வொருத்தியிடமும் போய் எதை அழுத்தினால் என்ன வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னதில் பாதி அவர்களுக்கே புரியாதது. தவிர, முழு வட்டம் வாங்கினவருக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை.

அவருடைய முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. பின்களைப் பரப்பினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். எந்த சாமானை அளக்கப் போகிறோம் என்பதை அதில் தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்று நாளில் முதல் நாள் பாடமே அதுதான். அக்கா வேறொரு பின்னுக்கான பெயரை அழுத்திவிட்டார். எல்லாம் சிவப்பாக வந்தது. எடுத்துவிட்டு வேறு பின்களை வைத்தார், அதுவும் சிவப்பு. பின்களை ஆறவைத்துப் பார்த்தார். சிவப்பு. மிஷின்தான் தப்பு என்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை, பின் செய்யும் மிஷினை ஓட்டுகிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டார். வாசலில் லாரி காத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் லைன் நின்ற பிறகு இன்ஜினீயர் வந்து ஒரே ஒரு பட்டனைத் தட்டினார். திரை முழுக்கப் பச்சையானது.

மேனேஜர் என்னிடம் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். தாளை அக்கா முன்னால் வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“ட்ரெய்னிங் குடுத்தாச்சு. நாலும் அடிச்சு சுவத்துல மாட்டியாச்சு. இதுக்கு மேல கம்பெனி என்னம்மா பண்ணும்?”

அக்கா தாளைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கைக்கெட்டும் தூரத்தில். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். “தப்பு என்மேலதான் சார்” என்று அக்கா சொன்னார், நான் ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டியை மடித்து டேப் ஒட்டுகிற வேலை. அங்கே எப்போதாவது பார்ப்பேன். பெட்டியை நீட்டினால் வாங்கி ஒட்டுவார். டேப் மாறினாலும் பெட்டி மாறினாலும் ஏன் என்று கேட்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்களும் அவரை ‘இன்னாத்துக்கு அக்கா’ என்றே கூப்பிட்டார்கள், ஆனால் எதனால் அந்தப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வருடக் கடைசியில் காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. சொல்லிக்கொண்டு போகக்கூட என் மேஜைக்கு வரவில்லை. நான் அதற்கடுத்த வருடம் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் இதைவிடப் பெரிய இடத்துக்கு, இதே வேலைக்குப் போனேன். நேர்முகத் தேர்வில் அந்தச் சுவர் அட்டவணையைப் பற்றித்தான் பெருமையாகப் பேசினேன்.

அக்கா வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து அவரைப் பார்த்தேன். பழைய நண்பன் ஒருவனின் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மாலை வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். “சார், நல்லாகீறீங்களா?” என்று குரல். முடி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரி கேண்டீனில் தட்டுக் கழுவுகிறாராம். என்மேல் கோபத்தின் சாயல்கூட இல்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்றா, பஸ்ஸில் தூங்குவது குறைந்ததா என்று விசாரித்தார். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

“பத்தாவது முச்சிட்டா சார். நல்ல மார்க்கு. பாலிடெக்னிக்கு சேக்கச் சொல்லி டீச்சரு ஊடு வரிக்கும் வந்தாங்க. மிஷினு படிப்பாம். நான்தான் வேணாம்னுட்டேன். எக்ஸ்போர்ட்டு கம்பெனில பீஸு மடிக்க ஆளு எடுக்கறாங்க, அதுல வுட்டுடலாம்னு கீறேன்.”

“ஏன்க்கா?”

“எங்க ஊட்டு மண்டைக்கு அதெல்லாம் ஏறாது சார். நான்தான் பாத்துட்டனே. கம்பெனி எனுக்கு இன்னா கொற வச்சிது? ஒரு மணி நேரத்துல புரிஞ்சிக்குவான்னு என்னிய நம்புச்சு. எனுக்குத்தான் ஏறல. அவ அழுதுக்கினு கீறா. இப்ப அழுதா பரவால்ல, அப்பறமா நாலு பேரு எதுர நிக்க வச்சா தாங்க மாட்டா.”

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இனியும் மென்று முழுங்க முடியாது என்று தோன்றியது. சொன்னேன். அந்தத் தாளில் மூன்று நாள் என்று எழுதியிருந்ததை, ஆடிட்டுக்காக வட்டத்தை நான் கறுப்படித்ததை, கம்பெனி அப்படி எதுவும் நினைக்கவில்லை, அது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது என்பதை, கறுப்படித்ததால்தான் ஆறு பேரோடு அவர் போகமுடியாமல் போனதை. ஒரு மணி நேரம் பின்னால் நின்று பார்த்து அந்த மிஷினை ஓட்ட யாராலும் முடியாது, என்னால் முடியாது, அந்த மேனேஜராலும் முடியாது என்று சொன்னேன். பொண்ணைச் சேர்த்துவிடுங்கள் அக்கா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

வண்டி வரும் திசையில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆறு பேரு கூட என்னியும் இட்டுக்கினு போயிருந்தா, எனுக்கும் வந்திருக்குமா சார்?”

“அவங்க எல்லாரையும் விட உங்களுக்கு நல்லா வந்திருக்கும்க்கா.”

“அத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே சார்” என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. “வேல போனா போவுது. இந்த ஆறு வருசமும் நான் என்னிய மக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேனே.”